பாடக்குறிப்பில் கோளாறு எங்கே? அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்த கையோடு, தலைமையாசிரியர் மேசையில், ஆசிரியர்கள் அந்த வாரம் எதை எப்படி நடத்துவோம் என்று எழுதிய பாடக்குறிப்பேடுகள் அடுக்காக வந்து விழும். பச்சை மையில் கையெழுத்து, தேதி, அடுத்த ஏடு. பத்து நிமிடத்தில் அடுக்கு காலியாகிவிடும். முதலில் வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராகவும், பிறகு ஓர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராகவும் இருந்தவன் நான். குறிப்பில் ஒரு குறையும் தெரியாது. வகுப்பில் போய் உட்கார்ந்தால் பாடம் படுத்துக்கிடக்கும். இதைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சரிசெய்ததில் சேர்ந்த வழிமுறை இது. தலைமையாசிரியர்களுக்கும், சக ஆசிரியரின் குறிப்பைப் பார்க்க நேரும் மூத்த ஆசிரியர்களுக்கும் உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடம் தெரியாததால் வரும் கோளாறும், பாடம் தெரிந்தும் நடத்தத் தெரியாததால் வரும் கோளாறும் ஏட்டில் ஒரே மாதிரிதான் தெரியும். மருந்து மட்டும் வேறு. அதனால் ஏட்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். அந்தப் பாடத்தின் பாடநூல், அந்த வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரின் நோட்டு, ஆசிரியரோடு பத்து நிமிடம் ஆகிய மூன்றும் கையில் இருந்தால் போதும். சந்தேகப்படும்போது நேரக்குறைவில் தொடங்குங்கள், அடுத்து முறைக்கு வாருங்கள், பாட அறிவைக் கடைசியில் வையுங்கள். தலைகீழாகத் தொடங்கினால் ஆசிரியர் வாயை மூடிக்கொள்வார். அதன்பிறகு எதையும் கண்டுபிடிக்க முடியாது.

## அறிகுறி 1: குறிப்பு அச்சடித்தது போல் இருக்கிறது, எந்த ஊர்ப் பள்ளிக்கும் பொருந்துகிறது

கற்பித்தல் துணைக்கருவி என்ற இடத்தைப் பாருங்கள். "படங்கள், மின்னட்டைகள், காணொலி" என்று எழுதியிருந்தால் அவற்றை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அலமாரியிலிருந்து ஏதாவது வெளியே வந்தால் நல்லது. வராவிட்டால் குறிப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்த பி.டி.எஃப். கோப்பிலிருந்து இறங்கியது.

நேரமில்லை. பெரும்பாலும் காரணம் இதுதான். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளைப் பார்த்துக்கொண்டு, இடையில் எமிஸ் என்ற பள்ளி விவர இணையதளப் பதிவையும் முடித்துவிட்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் சொந்தமாகக் குறிப்பு எழுது என்றால் யாரும் நகல்தான் எடுப்பார்கள்.

யாரும் படிப்பதில்லை. ஓர் ஆசிரியர் ஒரே குறிப்பைத் தேதி மட்டும் மாற்றி மூன்று வாரம் எழுதியிருந்தார். மூன்றிலும் என் கையெழுத்து இருந்தது. அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு ஏது முகம்?

பாடம் தெரியாததை மறைக்கிறார். அரிது. ஆனால் நகலின் அழகுக்குப் பின்னால் இது ஒளிந்திருப்பதும் உண்டு.

மூன்றில் எது என்று பிரித்தறிய ஒரே கேள்வி போதும்: "இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே தடுக்குவார்கள்?" உடனே இரண்டு இடம் சொன்னால் பாடமும் வகுப்பும் அவர் கைக்குள் இருக்கின்றன; பிரச்சினை நேரம்தான். "எல்லாம் எளிதான பாடம்தான் ஐயா" என்றால் அறிகுறி 2-க்குப் போங்கள்.

நேரப் பிரச்சினைக்குத் தீர்வு குறிப்பைச் சுருக்குவது. நான் மூன்று வரி கேட்பேன்: என்ன எடுத்துக்காட்டு, என்ன கேள்வி, அதற்குப் பிள்ளைகள் சொல்லப்போகும் தவறான பதில் என்ன. அரைப் பக்கம் ஆகாது. மூன்றாவது வரியை மட்டும் யாராலும் நகலெடுக்க முடிவதில்லை. தொடக்க வகுப்புகளில் 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபின் செயல்பாடுகள் ஆசிரியர் கையேட்டிலேயே இருக்கின்றன. அதைப் பார்த்து ஏட்டில் எழுது என்பது வெறும் கைவலி. அத்திட்டத்தில் தொடக்க நிலையான அரும்பு நிலையில் உள்ள பிள்ளைகளுக்காகவும் மேல்நிலையான மலர் நிலையில் உள்ள பிள்ளைகளுக்காகவும் எதை மாற்றினீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.

## அறிகுறி 2: எடுத்துக்காட்டோ விளக்கமோ தவறாக இருக்கிறது

இங்கே நிதானம் தேவை. ஆசிரியரின் மரியாதை, பிள்ளைகளின் படிப்பு இரண்டும் இதில் சிக்கிக்கொண்டிருக்கின்றன.

### முதலில் பாடநூலைப் பாருங்கள்

அச்சுப்பிழையாக இருக்கலாம். தமிழ்நாட்டில் பாடநூல்கள் 2018-இல் 1, 6, 9, 11 ஆம் வகுப்புகளுக்கும் அடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும் மாறின. பழைய நூலிலிருந்து எழுதிய குறிப்பு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் கைத்தவறா என்று பாருங்கள். ஆசிரியரையே அந்த வரியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னால் பாதிக் கைத்தவறுகள் அவர் வாயாலேயே திருந்திவிடும். திருந்தினால் அங்கேயே நிறுத்துங்கள். மேலே தோண்ட வேண்டாம்.

### திருந்தவில்லையென்றால்: தவறான விடையைக் காட்டுங்கள்

சரியான விடை என்ன என்று கேட்டால் அது தேர்வாகிவிடும். ஆசிரியர் தகுதித் தேர்வில் 150-க்கு 90 வாங்கித் தேறியவரிடம் போய் மறுபடி தேர்வு வைப்பது அவமதிப்பு, பயனும் இல்லை. நான்கு விடைகளில் ஒன்றைக் குறிப்பது ஒரு திறமை. பிள்ளையின் தவறு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது வேறு திறமை. வகுப்பில் இரண்டாவதுதான் அரிசி வேகவைக்கும். எனவே பிள்ளை ஒன்றின் நோட்டைத் திறந்துவைத்து, "இதற்கு என்ன சொல்வீர்கள்?" என்று கேளுங்கள்.

கணக்கு. நோட்டில் 1/3 + 1/4 = 2/7 என்றிருக்கிறது. மூன்று வகைப் பதில் வரும். "தவறு, மறுபடி போடு" என்பது ஒன்று. "பகுதியைச் சமப்படுத்தவில்லை" என்பது இன்னொன்று. விதி தெரியும் என்று பொருள். மூன்றாவது வகை இது: "2/7 என்பது 1/3-ஐ விடச் சிறியது. ஒன்றோடு இன்னொன்றைக் கூட்டினால் குறையுமா என்று அவனிடமே கேட்பேன்." இந்தப் பதிலைச் சொன்னவருக்குப் பாடமும் தெரியும், பிள்ளையும் தெரியும். அவருடைய குறிப்பேட்டில் நீங்கள் நேரம் செலவிட வேண்டாம்.

வகுத்தலுக்கு இன்னொரு சோதனை வைத்திருக்கிறேன். 3 ÷ ¼ என்பதற்கு ஒரு கதைக் கணக்கு சொல்லச் சொல்லுங்கள். "தலைகீழாக்கிப் பெருக்கு" என்று மின்னல் வேகத்தில் 12 என்பார்கள். கதை என்று வரும்போது "மூன்று தோசையை நான்கு பேருக்குப் பங்கிடு" என்பார்கள். அது 3 ÷ 4. மூன்று லிட்டர் பாலைக் கால் லிட்டர் பாக்கெட்டுகளில் அடைத்தால் எத்தனை பாக்கெட் என்பதுதான் 3 ÷ ¼. நானே முதன்முதலில் தோசையில்தான் விழுந்தேன்.

தமிழ். "சொல்லின் இறுதியில் உகரம் வந்தால் குற்றியலுகரம்", அதாவது குறுகி ஒலிக்கும் உகரம், என்று ஒரு குறிப்பில் இருந்தது. நாடு, நடு, கதவு, எஃகு என்ற நான்கு சொற்களையும் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். நாடு நெடில்தொடர்க் குற்றியலுகரம், எஃகு ஆய்தத்தொடர்க் குற்றியலுகரம். நடு என்பதில் தனிக்குறிலை அடுத்து வல்லின உகரம் வருகிறது. கதவு என்பதில் ஈற்றெழுத்து வல்லினமே இல்லை. ஆகவே இவை இரண்டும் குறுகாத முற்றியலுகரம். நான்கையும் பிரித்து, பிரித்ததற்குக் காரணமும் சொன்னால் ஏட்டில் விழுந்தது சுருக்கெழுத்துத் தவறு. நான்கையும் குற்றியலுகரம் என்றால் ஓட்டை உண்மையானது.

அறிவியல், சமூக அறிவியல். "பூமி சூரியனுக்கு அருகில் வரும்போது கோடைக்காலம்." இந்த வரியை எத்தனை ஏட்டில் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், ஏறக்குறைய 14.7 கோடி கிலோமீட்டரில். நமக்கு அது மார்கழிக் குளிர். மிகத் தொலைவில், சுமார் 15.2 கோடியில், இருப்பது ஜூலையில். இதை ஆசிரியரிடம் எண்ணாகச் சொன்னால் மனப்பாடம் செய்துகொண்டு போய்விடுவார். "டிசம்பரில் மெல்போர்னில் கொளுத்தும் வெயிலில் கிரிக்கெட் ஆடுகிறார்களே, நமக்குக் குளிராக இருக்கிறதே, எப்படி?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பூமியின் அச்சுச் சாய்வு தானாகப் பேச்சுக்கு வரும். "தாவரம் பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் சுவாசிக்கும்" என்பது அடுத்த வழக்கமான வரி. தாவரம் இருபத்து நான்கு மணி நேரமும் சுவாசிக்கிறது. "அப்படியானால் பகல் முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்குமா?" என்ற ஒரு கேள்வியே போதும்.

### காரணங்கள், செலவு குறைந்ததிலிருந்து

அந்த ஒரு பாடத்தை மட்டும் மேலோட்டமாகப் படித்திருக்கிறார் என்றால், காலியான ஒரு பாடவேளையில் முடிந்துவிடும்.

தம் பாடம் அல்லாததை நடத்துகிறார் என்றால் குறை அவருடையது அன்று. உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவரே அறிவியலின் எல்லாப் பிரிவுகளையும் எடுக்கிறார். தாவரவியல் படித்தவர் மின்னோட்டப் பாடத்தில் திணறினால் அதில் வியக்க என்ன இருக்கிறது? இயற்பியல் படித்த இன்னொருவர் இருந்தால் அந்த ஓர் அலகுக்கு மட்டும் பாடவேளையை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லையென்றால் பக்கத்துப் பள்ளி. அதுவும் இல்லையென்றால், சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் இந்த ஓர் அலகைப் பேசுபொருளாக வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கூட்டங்களில் பேச விஷயம் இல்லாமல் தேநீரோடு முடிவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடிப்படையே ஆட்டம் என்றால் ஒரு பருவமாவது ஆகும்.

### எப்போது வெளியாரை அழைப்பது

ஒரே அலகை இரண்டு முறை உட்கார்ந்து பேசியபின்னும் அடுத்த பருவத்தில் அதே தவறு வந்தால் ஆசிரியர் பயிற்றுநரைக் கூப்பிடுங்கள். வருகிறவர் அந்தப் பாடத்துக்காரராக இருக்க வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். மூன்று, நான்கு அலகுகளில் ஓட்டை தெரிந்தாலோ, வட்டாரத்தில் பலருக்கும் அதே தவறு இருந்தாலோ மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு எழுதுங்கள். "பயிற்சி தேவை" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பொத்தாம்பொதுவான பயிற்சிதான் வரும். பின்ன வகுத்தல், பருவகாலம் என்று தலைப்போடு எழுதுங்கள்.

யாரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும், பிள்ளைகளுக்குத் தவறாகச் சொன்னது அந்த வாரத்திலேயே திருத்தப்பட வேண்டும். திருத்துகிறவர் அந்த ஆசிரியராகவே இருக்கட்டும். "போன வாரம் நான் சொன்னதில் ஒரு தவறு" என்று அவர் தொடங்கினால் பிள்ளைகள் மதிப்பைக் குறைப்பதில்லை. தலைமையாசிரியர் வகுப்புக்குள் நுழைந்து திருத்தினால்தான் குறைப்பார்கள்.

## அறிகுறி 3: ஆசிரியருக்குப் பாடம் தண்ணீர் பட்ட பாடு, வகுப்போ தூங்குகிறது

குறிப்பில் உள்ள வினைச்சொற்களுக்கு அடிக்கோடிடுங்கள். "விளக்குவார், கூறுவார், எடுத்துரைப்பார், கரும்பலகையில் எழுதுவார்" என்று எல்லாவற்றுக்கும் எழுவாய் ஆசிரியரா? பிள்ளைகள் செய்யும் வேலை "கவனிப்பார்கள்" ஒன்றுதானா? கோளாறு கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

"படித்தல், மனவரைபடம், தொகுத்தல், வழங்குதல், வலுவூட்டுதல்" என்று பாடம் நடத்தும் படிகள் வரிசையாக இருந்தாலும் ஏமாறாதீர்கள். மனவரைபடம் என்பது பிள்ளை தான் புரிந்துகொண்டதைத் தானே படமாக வரைவது. பல ஏடுகளில் மனவரைபடத்தை ஆசிரியரே கரும்பலகையில் வரைகிறார், பிள்ளைகள் பார்த்து எழுதுகிறார்கள். பெயர்தான் மனவரைபடம், யாருடைய மனம் என்பதுதான் கேள்வி.

காரணம் பெரும்பாலும் சத்தத்துக்கு அஞ்சுவது. குழுவாக உட்காரவைத்தால் இரைச்சல் வரும், தலைமையாசிரியர் எட்டிப் பார்ப்பார். நீங்கள் அப்படி எட்டிப் பார்க்கும் ஆள் என்றால் கோளாறு உங்கள் அறையிலிருந்து தொடங்குகிறது. அடுத்த காரணம் பழக்கம்: தாம் படித்த விதத்திலேயே நடத்துகிறார். கடைசிக் காரணம், வேறு வழி உண்டு என்பதைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

முழுக் குறிப்பையும் மாற்றச் சொன்னால் ஒன்றும் நடக்காது. ஓர் இடத்தை மட்டும் மாற்றுங்கள். பருவமழைப் பாடம் ஒன்றில் "இந்தியாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம்" என்று தொடங்கி விளக்கமாகவே ஓடியது. காவிரிப் படுகைப் பள்ளி அது. அந்தப் பிள்ளைகளுக்கு மழை என்றால் ஐப்பசி அடைமழைதான். அக்டோபரில் பள்ளிக்கு விடுமுறை விட்ட மழை. தொடக்கத்தை மட்டும் மாற்றினோம்: "புத்தகத்தில் ஜூனில் மழை என்கிறார்கள். நம் ஊரில் எப்போது? வீட்டில் பெரியவர்களைக் கேட்டு வாருங்கள்." மறுநாள் பிள்ளைகள் வடகிழக்குப் பருவமழையைப் பெயர் தெரியாமலேயே கொண்டுவந்துவிட்டார்கள். ஆசிரியர் பெயர் மட்டும் வைத்தார். அவருக்குப் பாடம் ஆழமாகத் தெரிந்திருந்ததால், ஜூன் மழையை மேற்குத் தொடர்ச்சி மலை ஏன் தடுக்கிறது என்று பிள்ளைகள் கேட்டபோது சமாளிக்க முடிந்தது. பாடம் தெரியாதவர் கையில் இதே முறை அரைகுறையாக நின்றிருக்கும். முறையை மாற்றச் சொல்லும் முன் அறிகுறி 2 இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டியது இதனால்தான்.

மாற்றம் ஒட்டவில்லையா? பயிற்சிக்கு அனுப்பும் முன், அதே பள்ளியில் நன்றாக நடத்தும் ஒருவர் வகுப்பில் ஒரு பாடவேளை உட்காரவையுங்கள். செலவு இல்லை. அதன்பிறகும் இரண்டு மாதத்தில் ஏட்டின் எழுவாய் மாறவில்லை என்றால், பயிற்றுநர் வந்து அவர் வகுப்பிலேயே ஒரு பாடம் நடத்திக் காட்டட்டும். அறிவுரை வேண்டாம், நடத்திக் காட்ட வேண்டும்.

## அறிகுறி 4: கற்றல் விளைவு ஒன்று, மதிப்பீடு இன்னொன்று

கற்றல் விளைவு, அதாவது பாடம் முடிந்ததும் பிள்ளைக்கு வந்திருக்க வேண்டியது, எழுதியிருக்கும் வரியைக் கையால் மறைத்துக்கொண்டு மதிப்பீட்டுக் கேள்விகளை மட்டும் படியுங்கள். பாடத்தின் நோக்கத்தை ஊகிக்க முடிகிறதா?

ஓர் ஏட்டில் விளைவு "சுற்றளவுக்கும் பரப்பளவுக்கும் உள்ள வேறுபாட்டை அறிதல்". கேள்வி "செவ்வகத்தின் பரப்பளவு காணும் வாய்பாட்டை எழுதுக". வாய்பாடு எழுதிய பிள்ளைக்கு வேறுபாடு தெரியும் என்று யார் சொன்னது? "20 மீட்டர் கயிற்றால் தோட்டத்துக்கு வேலி போடு. 5-க்கு 5 ஆகக் கட்டினால் எவ்வளவு இடம், 9-க்கு 1 ஆகக் கட்டினால் எவ்வளவு இடம்?" என்று மாற்றினோம். கயிறு அதே நீளம். இடம் 25 சதுர மீட்டர், 9 சதுர மீட்டர்.

பெரும்பாலும் இது வழிகாட்டி நூலிலிருந்து கேள்வியை எடுத்ததன் விளைவு. ஆசிரியரே கேள்வி எழுதினால் சரியாகிவிடும். எழுதச் சொல்லியும் எழுத வரவில்லையென்றால் வினாத்தாள் அமைப்பில் அனுபவமுள்ள மூத்த ஆசிரியர் ஒருவரோடு ஒரு மாதம் சேர்த்துவிடுங்கள். வெளியார் தேவைப்படுவது அபூர்வம்.

## அறிகுறி 5: பாதியில் மணி அடிக்கிறது, அல்லது பாதி நேரம் சும்மா போகிறது

நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஆறு செயல்பாடு எழுதினால் முடியாது. இரண்டாக்குங்கள். சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்றால் கேள்விகளைப் பாருங்கள்: "புரிந்ததா?" என்பதற்கு "புரிந்தது டீச்சர்" என்று கோரஸ் வந்தால் எந்தப் பாடமும் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இதற்கு யாரையும் அழைக்க வேண்டாம், கடிகாரம் போதும்.

## அறிகுறி 6: ஜூன் முதல் ஒரே வரி, "மெல்லக் கற்போருக்குத் தனிக் கவனம் அளிக்கப்படும்"

பெயர் கேளுங்கள். யார் யார், எதில் பின்தங்கியிருக்கிறார்கள்? பெயர் வந்தால் அடுத்த கேள்வி, அந்தப் பிள்ளை எந்த வகுப்புத் திறனில் நின்றுவிட்டது என்பது. ஏழாம் வகுப்பில் வகுத்தல் வராத பிள்ளைக்குப் பல நேரங்களில் மூன்றாம் வகுப்புக் கழித்தலே தடங்கலாக இருக்கும். அதைக் கண்டுபிடித்து ஏட்டில் ஒரு வரி எழுதினால் போதும்.

பெயரே வரவில்லையென்றால் ஆசிரியர் நோட்டுத் திருத்துவதில்லை. அது வேறு உரையாடல்.

ஒன்றில் மட்டும் தாமதிக்காதீர்கள். பிள்ளை கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் மட்டும் தவறுகிறது, அல்லது எழுத்துகளைத் தொடர்ந்து மாற்றிப்போடுகிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் அது பாடக்குறிப்பின் கோளாறு அன்று. வட்டார வள மையத்தில் இத்தகைய பிள்ளைகளுக்கென்றே சிறப்பாசிரியர் இருக்கிறார், அன்றே சொல்லுங்கள். கண் பரிசோதனை செய்து கண்ணாடி போட்டதும் "மெல்லக் கற்போர்" பட்டியலிலிருந்து வெளியே வந்த பிள்ளைகள் எனக்குத் தெரியும்.

## அறிகுறி 7: எல்லா ஏட்டிலும் "நன்று"

கடைசிக் கோளாறு பார்க்கிறவர் பக்கம். பள்ளியில் அத்தனை ஆசிரியருக்கும் ஒரே மதிப்பு விழுந்தால் அளக்கும் கோல் பழுது.

சோதனை எளிது. ஒரே குறிப்பை இரண்டு பேர் தனித்தனியே பார்த்து, பாட அறிவுக்கு ஒரு மதிப்பெண், கற்பிக்கும் முறைக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். இரண்டையும் ஒன்றாக்கிப் போடக்கூடாது. பிறகு ஒப்பிடுங்கள். முறை மதிப்பெண்ணில் இருவரும் நெருங்கி, பாட அறிவு மதிப்பெண்ணில் விலகி நின்றால், இருவரில் ஒருவருக்கு அந்தப் பாடம் தெரியாது. அந்த ஒருவர் தலைமையாசிரியராகவும் இருக்கலாம். தமிழ் படித்தவர் இயற்பியல் குறிப்புக்குப் பாட அறிவு மதிப்பெண் போடுவதில் பொருள் இல்லை. அந்தப் பகுதியைப் பாடம் தெரிந்தவரிடம் விட்டுவிட்டு, முறையை மட்டும் அவர் பார்க்கலாம்.

என் கோல் பழுது என்று தெரிந்தபின் "நன்று" எழுதுவதை நிறுத்தினேன். கையெழுத்துக்கு மேலே ஒரு கேள்வி எழுதினேன், அவ்வளவுதான். கணித ஆசிரியை ஒருவரின் ஏட்டில், "குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் ஏன் மிகை? பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று எழுதியிருந்தேன். முதல் வாரம் பதில் இல்லை. அடுத்த வாரம் என் கேள்விக்குக் கீழே பென்சிலில், சிறிய எழுத்தில், "உங்களுக்குத் தெரியுமா ஐயா?" என்றிருந்தது.

விதி தெரியும். ஏன் என்று தெரியவில்லை. அன்று மதியம் ஐந்தாவது பாடவேளை அவருக்குக் காலி. பாடநூலையும் ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்துக்கொண்டு அவரை வரச்சொன்னேன்.